வெளுப்பு, அழகு, நியாயம்: ‘ஃபேர்’ என்ற ஒரு சொல்



ஆங்கிலம், தமிழ் என்ற இரண்டு துறை மாணவர்களும் உட்கார்ந்து கேட்கும்படியான பொருளாக இருக்க வேண்டும் என்று இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கான அழைப்புக் கடிதத்தில் கேட்டிருந்தார்கள். மொழியியல் கோட்பாடு எதையாவது பேசலாமா என்று முதலில் நினைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கோட்பாடு பேசுவது பெரும் பாவம். ஆகவே ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ‘ஃபேர்’ என்ற ஆங்கிலப் பெயரடை.

இந்த அரங்கில் அதை அறியாதவர் இருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு என்று இரண்டு வைத்திருந்தோம். தொலைக்காட்சியில் ஃபேர் அண்டு லவ்லி விளம்பரம் பார்த்து வளர்ந்தோம். கிரிக்கெட் வர்ணனையில் ஃபேர் ப்ளே என்று கேட்டோம். அரசாங்கக் கோப்பில் ரேஷன் கடைக்கு ‘ஃபேர் பிரைஸ் ஷாப்’ என்று பெயர். நோட்டு, முகக்களிம்பு, விளையாட்டு, அரிசி விலை. இந்த நான்குக்கும் ஒரே அடைமொழி எப்படிப் பொருந்தியது? அகராதி இவற்றை 1, 2, 3 என்று எண்ணிட்டுத் தனித்தனி வரியில் வைத்துவிடுகிறது. பேசுகிறவர் வாயில் அவை அப்படித் தனித்தனியாக நிற்பதில்லை. ஒரு பொருள் இன்னொன்றுக்குள் கசிகிறது. அந்தக் கசிவால் யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம் என்று பார்ப்பதே என் நோக்கம்.

முதலில் இந்தச் சொல்லின் உறவுக்காரர் போல் வந்து நிற்கும் அந்நியர்களை வெளியே அனுப்பிவிடுகிறேன். பொங்கலை ஒட்டிச் சென்னையில் நடக்கிறதே புக் ஃபேர், அந்த ஃபேர் வேறு சொல். திருநாளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பேருந்துக் கட்டணமான ஃபேருக்கும் பிரிவுபசாரமான ஃபேர்வெல்லுக்கும் அடி, பயணம் போவதைக் குறிக்கும் பழைய வினைச்சொல். ஒலி ஒன்றானாலும் குடும்பம் வேறு.

நம்முடைய ஃபேர் அசல் ஜெர்மானியக் குடும்பத்துப் பிள்ளை. பழைய ஆங்கிலத்தில் கண்ணுக்கு இனியது, அழகியது என்று பொருள். பழைய நார்ஸ் மொழியில் அதன் சகோதரச் சொல் ‘ஃபகர்’. நார்வேயை முதன்முதலில் ஒரு குடைக்கீழ் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் ஹரால்ட் என்ற அரசருக்கு ஹார்ஃபக்ரி என்று பட்டப்பெயர். ஃபேர் ஹேர் என்று ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். நாடு முழுவதையும் வெல்லும்வரை தலைமுடியை வெட்டுவதில்லை, சீவுவதுமில்லை என்று சபதம் போட்டாராம். வென்ற பிறகு குளித்து, முடி திருத்திக்கொண்டு வந்து நின்றபோது இந்தப் பெயர் வந்தது என்று பழைய நார்ஸ் கதைகள் சொல்கின்றன. கதையைக் கவனியுங்கள். மஞ்சள் முடி என்பதற்காக அவருக்கு அந்தப் பெயர் வரவில்லை. சிக்கெடுத்துச் சீவிய முடிக்காக வந்தது. அந்த ஊரில் மஞ்சள் முடிக்கா பஞ்சம்?

இன்னும் பின்னால் போனால் கோதிக் மொழி. அங்கே இதே சொல்லுக்குப் ‘பொருத்தமானது, தக்கது’ என்பது பொருள். இதுதான் திறவுகோல் என்று நான் கருதுகிறேன். மழையில்லாத நாள் வெளியே கிளம்பத் தக்க நாள். அது ஃபேர் வெதர். போக வேண்டிய திசைக்குத் தக்கபடி வீசும் காற்று, மாலுமிக்கு ஃபேர் விண்ட். துறைமுகத்துக்குள் கப்பல் தரைதட்டாமல் போகத் தக்க நீர்வழி ஃபேர்வே. மற்றவர் படிக்கத் தக்க எழுத்து ஃபேர் காப்பி. தக்கபடி நடந்துகொள்பவர் ஃபேர். இந்த வரிசையில் நிறத்துக்கு எங்கே இடம் என்று கேட்கிறீர்களா? அதற்கு வருகிறேன்.

தமிழ்த் துறை மாணவர்களுக்கு இந்த வழி புதிதாக இருக்காது. ‘தகு’ என்ற வேரை எடுத்துக்கொள்ளுங்கள். திருக்குறளின் 12ஆம் அதிகாரம் நடுவு நிலைமை. அதன் முதல் குறளில் நடுவுநிலைமையைச் சொல்ல வள்ளுவர் வைத்த சொல் ‘தகுதி’. பரிமேலழகரும் அப்படித்தான் உரை சொல்கிறார். 109ஆம் அதிகாரத்தின் தலைப்பு தகையணங்குறுத்தல். அங்கே ‘தகை’ ஒரு பெண்ணின் அழகு. பொருத்தம் என்ற ஒரே வேரிலிருந்து ஒரு கிளை நியாயத்துக்கும் இன்னொரு கிளை அழகுக்கும் போயிருக்கிறது. ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள் ஒரே வழியில் நடந்திருக்கின்றன. ஒரு வேறுபாடு உண்டு. தமிழ் இரண்டு கிளைக்கும் தனித்தனி விகுதி கொடுத்துத் தகுதி, தகை என்று பிரித்துவிட்டது. ஆங்கிலம் பிரிக்கவில்லை. அதனால் வந்த வினைகள்தான் இனி நாம் பார்க்கப்போவது.

ஃபேர் நோட்டைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். பழைய தாள்களைக் கோணி ஊசியால் தைத்துச் செய்த ரஃப் நோட்டில் கணக்குப் போடுவோம். அடித்தல் திருத்தல், ஓரத்தில் கூட்டல், பக்கத்துப் பையன் வரைந்த மீசை எல்லாம் அதில் இருக்கும். ஆசிரியர் சரி என்றதும் பிரவுன் அட்டை போட்ட ஃபேர் நோட்டில் மார்ஜின் அடித்து, விடைக்கு அடியில் இரட்டைக் கோடு போட்டு எழுத வேண்டும். கணக்கு அதே கணக்கு, விடையும் அதே விடை. ரஃப் நோட்டில் சிந்தனை நடந்தது, ஃபேர் நோட்டில் அதன் புகைப்படம் இருந்தது. மதிப்பெண் என்னவோ புகைப்படத்துக்குத்தான். அரசு அலுவலகத்திலும் இதே கதை. உதவியாளர் வரைவு எழுதுவார், மேலதிகாரி பச்சை மையில் திருத்துவார், தட்டச்சர் ஃபேர் காப்பி எடுப்பார். பழைய தமிழ் எழுத்தாளர்கள் அதையே சுத்தப்பிரதி என்றார்கள். ஃபேர் என்ற சொல்லுக்குள் அழுக்கில்லாமை என்ற எண்ணமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெள்ளைத் தாளில் கறையில்லாதது ஃபேர். கறையில்லாத வெள்ளை என்பது தாளுக்குச் சரி. அதே அளவுகோலை மனிதத் தோலுக்குக் கொண்டுபோனால்?

கொண்டுபோனார்கள். வெளுத்த தோலுக்கும் வெளிர் முடிக்கும் ஃபேர் என்று சொல்லும் வழக்கு 16ஆம் நூற்றாண்டில் நன்றாக நிலைபெற்றுவிட்டது. அழகு என்பது பழைய பொருள். எது அழகு என்று அந்த ஊர் நினைத்ததோ அது புதிய பொருளானது. இரண்டும் ஒரே சொல்லில் குடியிருக்கும்போது ‘அவள் ஃபேர்’ என்றால் அழகி என்கிறார்களா, வெளுத்தவள் என்கிறார்களா? கேட்பவர் பிரித்தறிய வழியில்லை. வழியில்லாததால், பிரிக்கத் தேவையில்லை என்ற நினைப்பும் வந்துவிடுகிறது.

இதை ஷேக்ஸ்பியரைவிட நன்றாக உணர்ந்தவர் யாருமில்லை. 1609இல் அச்சான அவருடைய சானெட்டுகளில் 127 முதல் 152 வரை ‘கரிய பெண்’ வரிசை என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். அந்த வரிசையின் முதல் பாட்டே, முன்னொரு காலத்தில் கறுப்பை யாரும் ஃபேர் என்று எண்ணியதில்லை என்ற கருத்தோடுதான் தொடங்குகிறது. கறுப்பு, ஃபேர் என்ற இரண்டையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, என் காதலி கறுப்பு, ஆகவே இனி அழகின் வாரிசு கறுப்புத்தான் என்று வாதாடுகிறார். விளையாட்டுத்தான், ஆனால் சொல்லின் இரண்டு பொருளும் உரசிக்கொள்ளும் இடத்தில் நடக்கும் விளையாட்டு. ‘மாக்பெத்’ நாடகத்துச் சூனியக்காரிகள் ஃபேரையும் அதன் எதிர்ச்சொல்லான ஃபவுலையும் இடம் மாற்றிப்போடுவது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ‘ஒதெல்லோ’. வெனிஸின் தலைவர், மகளை ஒரு கறுப்பருக்குப் பறிகொடுத்த தகப்பனைச் சமாதானப்படுத்துகிறார். குணத்தை வைத்துப் பார்த்தால் உங்கள் மருமகனைக் கறுப்பு என்று சொல்லவே முடியாது, ஃபேர் என்றுதான் சொல்ல வேண்டும் என்ற தொனியில் பேசுகிறார். பாராட்டுகிறார் என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நல்ல குணத்துக்குச் சம்பளமாக வெள்ளை நிறத்தைக் கொடுக்கும் அந்தப் பாராட்டில் உள்ள அவமானம் அவருக்குத் தெரியவில்லை. சொல் அதை மறைத்துவிடுகிறது. தமிழில் இந்த இடத்தை மொழிபெயர்ப்பவர் திண்டாடத்தான் வேண்டும். ‘அழகர்’ என்று போட்டால் நிறம் போய்விடும். ‘வெள்ளையர்’ என்று போட்டால் பாராட்டு போய்விடும்.

சானெட்டுகள் வந்து இரண்டு ஆண்டில், 1611இல், ஜேம்ஸ் மன்னர் பெயரிலான ஆங்கில பைபிள் வெளிவந்தது. அதில் உன்னதப்பாட்டு என்ற பகுதியின் தலைவி தன்னைக் கறுப்பு என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறாள். சில வசனங்களுக்குள் அவளைப் பெண்களிலெல்லாம் மிக ஃபேரானவள் என்று அழைக்கிறார்கள். அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதில் முரண் எதுவும் தோன்றவில்லை. பழைய பொருளில், அழகு என்ற பொருளில், நிம்மதியாகக் கையாண்டிருக்கிறார்கள். பழைய தமிழ் விவிலியம் அங்கே ‘ரூபவதி’ என்று போட்டுத் தப்பித்துக்கொண்டது. ரூபத்துக்கு நிறம் கிடையாது. அந்தப் பழைய மொழிபெயர்ப்பின் தமிழைக் கேலி செய்பவர்கள் இந்த ஒரு இடத்துக்காகவாவது சற்று மரியாதை வைக்கலாம்.

நம் நாட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஃபேர் அண்டு லவ்லி இந்தியச் சந்தைக்கு வந்தது 1975இல். வெளுத்தவள், இனியவள் என்று அந்தப் பெயரை இரண்டாகப் பிரித்துப் படித்தவர் யாருமில்லை. முதலாவது இருந்தால் இரண்டாவது தானாக வரும் என்றே படித்தோம். 2005இல் ஆண்களுக்கும் தனிக்களிம்பு வந்தது, சமத்துவம்தான். 2009இல் சென்னையில் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கம் தொடங்கியது. ஷேக்ஸ்பியரைப் போல ஃபேர் என்ற சொல்லையே கறுப்புக்கு மீட்டுத் தரும் வேலையில் அவர்கள் இறங்கவில்லை. அது இனி மீளாது என்று விட்டுவிட்டு பியூட்டிஃபுல்லை எடுத்துக்கொண்டார்கள். 2020 ஜூனில், அமெரிக்காவில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டின் கொலையை ஒட்டி எழுந்த கொந்தளிப்புக்கு நடுவே, களிம்பின் பெயரிலிருந்து ஃபேரை எடுத்துவிடுவதாகத் தயாரிப்பாளர்கள் அறிவித்தார்கள். ஜூலையில் அது குளோ அண்டு லவ்லி ஆனது. அதே ஜூனில் பெரிய திருமண இணையதளம் ஒன்று தோல் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை எடுத்துவிட்டது. பெயர் மாறியது. கடையில் கேட்பவர்கள் என்னவோ பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

ஆங்கிலச் சொல்லின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் கை கழுவ முடியாது. பெண் பார்த்துவிட்டு வரும் பெரியம்மா ஃபேர் என்றா சொல்கிறார்? ‘பொண்ணு நல்ல கலரா இருக்கா’ என்கிறார். கலர் என்றாலே வெளுப்பு! கறுப்பு ஒரு நிறமே இல்லை என்றாகிவிட்டது. இல்லாவிட்டால் ‘நல்ல செவப்பு’ என்பார். சிவப்பாக யாரும் இருப்பதில்லை; ஆனால் வெளுத்த தோலுக்குத் தமிழில் சிவப்பு என்றுதான் பெயர். மணமகள் தேவை விளம்பரத்தில் மாநிறம், புதுநிறம் என்றெல்லாம் படிப்படியாக இறங்கி வருவார்கள். கறுப்பு என்ற படிக்கு மட்டும் யாரும் இறங்குவதில்லை.

இந்தச் சிவப்பு நம்மைச் ‘செம்மை’க்குக் கொண்டுபோகிறது. இந்தப் பேச்சுக்காகத் தேடும்போது எனக்கு மிகுந்த வியப்பைத் தந்த இடம் இது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்ஸிகனில் செம்மை என்ற சொல்லைப் புரட்டிப் பாருங்கள். சிவப்பு, நேர்மை, மாசின்மை, சிறப்பு, அழகு என்று பொருள்கள் வரிசையாக நிற்கும். ஃபேருக்கு ஆங்கில அகராதி தரும் பட்டியலோடு இதை ஒட்டிவைத்துப் பாருங்கள். வெளுப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு. மற்றதெல்லாம் ஏறக்குறைய அதே சரக்கு. நேரான கோல் செங்கோல். 55ஆம் அதிகாரத்துக்கே செங்கோன்மை என்று பெயர். நடுவுநிலைமை உடையவனை வள்ளுவர் செப்பம் உடையவன் என்கிறார். பள்ளம் விழுந்த சாலையைச் செப்பனிடுகிறோம். திருத்தி ஒழுங்காக்கிய கையெழுத்துப் பிரதியைச் செம்மைப்படி என்று சொன்னால் ஃபேர் காப்பிக்கு அதைவிட நல்ல தமிழ் கிடையாது. ஃபேரின் உண்மையான உடன்பிறப்பு அழகும் அல்ல, நியாயமும் அல்ல. செம்மைதான்.

ஆனால் பழந்தமிழில் இந்தச் சொல் பெண்ணின் தோல்மேல் போய் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லவில்லை. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகு நிறம் மாமை. மாந்தளிர் நிறம் என்று பொதுவாக விளக்குவார்கள். பிரிவில் அவளுக்கு வரும் நோய் பசலை. நிறம் மங்கி வெளிறிப்போவது. வெளுப்பு அங்கே நோய்க்குறி. தலைவன் வந்தால் தீரும், களிம்பு தேவையில்லை. நம் பெரியம்மா அந்தப் பாடல்களுக்குள் போய் உட்கார்ந்தால் யாரைப் பார்த்துக் கலர் என்பார் என்று யோசித்துச் சிரித்துக்கொள்வேன்.

ஃபேருக்கு இன்னொரு பொருள், ‘சுமார்’. எக்ஸலண்ட், குட், ஃபேர், பூர் என்று தரம் போடும்போது ஃபேர் கடைசிக்கு முந்தைய படி. அழகாக ஆரம்பித்த சொல் சுமாருக்கு இறங்கிய கதை சுவையானதுதான். குறையில்லாதது என்று தொடங்கி, பெரிய குறையில்லாதது என்று தேய்ந்து, சகித்துக்கொள்ளலாம் என்றாகி, 19ஆம் நூற்றாண்டில் தரப்பட்டியலில் போய் அமர்ந்தது. பழைய புத்தக வணிகத்தில் இந்தச் சொல்லுக்குத் திட்டவட்டமான பொருளே உண்டு. விலைப்பட்டியலில் ஒரு புத்தகத்துக்கு ஃபேர் என்று போட்டிருந்தால், அச்சிட்ட பக்கங்கள் எல்லாம் இருக்கும், அட்டையை அடுத்த வெற்றுத் தாள்கள் இல்லாமல் போயிருக்கலாம், முதுகு நைந்திருக்கும். அழகானது என்று நம்பி வாங்கியவர்கள் பார்சலைப் பிரித்துவிட்டு நொந்துபோவார்கள். ஆனால் ‘ஃபேர் அமவுண்ட்’ என்றால் கணிசமான தொகை. அங்கே சுமார் என்று மொழிபெயர்த்தால் கணக்கு உதைக்கும். தமிழில் ‘பரவாயில்லை’ இப்படித்தான். மாமியார் சாம்பாரைச் சுவைத்துவிட்டுப் பரவாயில்லை என்றால் அது தங்கப் பதக்கமா, எச்சரிக்கையா என்று அந்த வீட்டு மருமகளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு பொருளுக்குப் பல சொல், ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்பது தொல்காப்பியர் உரியியலிலேயே எடுத்துக்கொண்ட விஷயம். ‘கடி’ என்ற ஒரே சொல் கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, அச்சம் என்று எத்தனை வேடம் போடுகிறது என்று அங்கேயே பட்டியல் இருக்கிறது. திவாகரமும் சூடாமணி நிகண்டும் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்து, ஒருசொல் பல்பொருளுக்கென்றே தனித் தொகுதி ஒதுக்கின. ஆங்கிலத்தில் அப்படிப் பொருள்வாரியாகப் பெரிய அளவில் தொகுத்தவர் பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர். 1852இல், தம்முடைய 73ஆம் வயதில், ஆயிரம் தலைப்புகளோடு தெசாரஸை வெளியிட்டார். தேர்வுக் கட்டுரைக்காக அதைப் புரட்டும் மாணவர்கள் செய்யும் தவறு, ஒரே பத்தியில் உள்ள சொற்கள் ஒன்றுக்கொன்று பதிலி என்று நம்புவது. ஃபேரின் பத்தியில் ஜஸ்ட், இம்பார்ஷியல், ஈக்விடபிள், ரீசனபிள், ஈவன் ஹேண்டட் என்று நிற்கும். மாற்றிப் போட்டுப் பாருங்கள். தண்டனை ஜஸ்டாக இருக்கலாம். அதைக் கேட்டு நடுங்கலாம். விளையாட்டில் ஜஸ்ட் என்ற பேச்சே எழுவதில்லை. சொத்துப் பிரிவினை ஈக்விடபிள் என்பார்கள்; அந்தச் சொல்லில் ஈக்விட்டி வழக்குகளைக் கேட்ட லண்டன் சான்சரி நீதிமன்றத்தின் வாசனை வீசும். நடுவர் இம்பார்ஷியலாக இருப்பார். அவர் நடத்தும் விசாரணை ஃபேராக இருக்கும். 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 10ஆம் பிரிவு இந்த இரண்டு சொல்லையும் ஒரே வாக்கியத்தில் கையாள்கிறது. விசாரணைக்கு ஃபேர், தீர்ப்பாயத்துக்கு இம்பார்ஷியல். இரண்டும் ஒன்று என்றால் வரைவாளர்கள் ஒன்றோடு நிறுத்தியிருப்பார்கள்.

தமிழில் இதற்கு இணையான பாகுபாடு நீதிக்கும் நியாயத்துக்கும் இடையே இருக்கிறது. நீதி மன்றத்தில் கிடைக்கிறது, அல்லது கிடைக்காமல் போகிறது. நியாயத்தை மனிதரிடம் கேட்கிறோம். பங்காளியிடம் ‘இது உனக்கே நியாயமா?’ என்போம், ‘இது உனக்கே நீதியா?’ என்று எந்தத் திண்ணையிலும் கேட்டதில்லை. ஃபேர் பிரைஸ் ஷாப்பை ‘நியாய விலைக் கடை’ என்று தமிழாக்கியவர் யாரோ, அவருக்குக் காது நன்றாக வேலை செய்திருக்கிறது. நீதி விலைக் கடை என்று பலகை மாட்டியிருந்தால் சர்க்கரை வாங்கப் போகிறவர் வக்கீலையும் கூட்டிக்கொண்டு போயிருப்பார்.

ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவஞானி 1958இல் ஒரு கட்டுரையிலும், பிறகு 1971இல் தம் பெரிய நூலிலும் ஜஸ்டிஸை ஃபேர்னஸாகக் காண வேண்டும் என்று வாதாடினார். தான் பணக்காரனா ஏழையா, எந்த இனம், என்ன திறமை என்று எதுவும் தெரியாத நிலையில் மக்கள் கூடி விதிகளை வகுத்தால் எவற்றை ஒப்புக்கொள்வார்களோ அவையே நீதி என்பது அவர் வாதத்தின் சாரம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, யார் மட்டை பிடிக்கப்போகிறார் என்று தெரியாதபோதே, விதி பேசிக்கொள்வது போலத்தான். நூல் பிரெஞ்சுக்குப் போனபோது ஃபேர்னஸுக்கு அங்கே சரியான சொல் இல்லாமல் ‘எக்கித்தே’யை வைத்துச் சமாளித்தார்கள். ஜெர்மானியர்கள் சிரமமே படவில்லை; ஃபேர் என்றே எடுத்துக்கொண்டார்கள், சட்டத்திலும்கூட. மொழியியலாளர் அன்னா வியர்ஸ்பிட்ஸ்கா 2006இல் வெளியிட்ட நூலில், ஃபேர் என்ற கருத்து ஆங்கிலப் பண்பாட்டுக்கே உரியது, வேறு மொழிகளில் அதற்கு நேர்ச்சொல் கிடையாது என்று விரிவாக எழுதியிருக்கிறார்.

பெரிய அறிஞர். ஆனாலும் இந்த இடத்தில் அவரை ஒரு தமிழ்நாட்டுத் தெருவுக்கு அழைத்துப்போக வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆங்கிலக் குழந்தை ‘நாட் ஃபேர்’ என்று அலறும் அதே கணத்தில் நம் குழந்தை ‘போங்கு!’ என்று கத்துகிறது. ‘போங்காட்டம் ஆடாதே’, ‘அழுகுணி ஆட்டம்’, தெற்கே ‘கள்ளாட்டம்’. யாழ்ப்பாணத்தில் ‘அளாப்பாதை’ என்பார்கள். ஒப்புக்கொண்ட ஆட்டத்தின் ஒழுங்கை மீறி ஆதாயம் தேடுவது என்ற அந்தத் துல்லியமான பொருள் இத்தனை சொல்லில் இருக்கிறது. நமக்கு நேர்ச்சொல் இல்லாதது ஃபேருக்குத்தான். அன்ஃபேருக்கு மூட்டை மூட்டையாக இருக்கிறது. எல்லாம் பிள்ளைகள் உண்டாக்கியவை. நம் அகராதிக்காரர்கள் அந்தப் பக்கம் அதிகம் எட்டிப்பார்க்காததால் அறிஞர்களுக்குச் சேதி போகவில்லை.

கிரிக்கெட்டைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். ஃபேர் என்ற சொல்லைச் சட்டப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருக்கும் விளையாட்டு அது. பந்தை வீசாமல் எறிந்தால் அது ஃபேர் டெலிவரி ஆகாது என்று விதியே சொல்கிறது. விதியும் ஃபேரும் பிரிந்துபோன நாள் 1981 பிப்ரவரி 1. மெல்போர்னில் ஒருநாள் ஆட்டம். சமன் செய்ய நியூசிலாந்துக்குக் கடைசிப் பந்தில் 6 ஓட்டம் வேண்டும். ஆஸ்திரேலியக் கேப்டன் கிரெக் சாப்பல் தம் தம்பி டிரெவரை அழைத்துப் பந்தைத் தரையோடு உருட்டிவிடச் சொன்னார். டிரெவர் உருட்டினார். நியூசிலாந்து மட்டையாளர் மெக்கெக்னி அதைத் தடுத்துவிட்டு மட்டையைத் தூக்கி எறிந்தார். அந்தப் போட்டியின் விதிப்படி உருட்டுவது செல்லும். இரு நாட்டுப் பிரதமர்களும் கண்டித்தார்கள். பிறகு விதியை மாற்றினார்கள். சட்டத்துக்கு உட்பட்டது எல்லாம் ஃபேர் ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரான வழக்கில் நம் வீட்டு ஆட்களே சிக்கினார்கள். பந்து வீசும் முன்பே கோட்டைவிட்டு நகரும் எதிர்முனை ஆட்டக்காரரை ரன் அவுட் செய்வது. 1947 டிசம்பரில் சிட்னி டெஸ்ட்டில் இந்திய வீரர் வினு மன்கட், ஆஸ்திரேலிய வீரர் பில் பிரவுனை அப்படி வெளியேற்றினார். முன்னதாக ஒரு பயிற்சி ஆட்டத்தில் எச்சரித்துமிருந்தார். ஆஸ்திரேலியக் கேப்டன் பிராட்மனே மன்கட் பக்கம் நின்று எழுதினார். ஆனாலும் அந்த அவுட்டுக்கு ‘மன்கடிங்’ என்று வசைப்பெயர் வைத்து ஒரு மனிதரின் பெயரைக் குற்றச்சொல் ஆக்கினார்கள். 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில் நடந்த ஐபிஎல் ஆட்டத்தில் நம் சென்னை அஸ்வின் இங்கிலாந்து வீரர் ஜோஸ் பட்லரை அப்படி அவுட் ஆக்கியபோது உலகமே விளையாட்டு உணர்வு பற்றி வகுப்பெடுத்தது. அப்போது அந்த விதி எங்கே இருந்தது தெரியுமா? ‘அன்ஃபேர் ப்ளே’ என்ற தலைப்புடைய 41ஆம் விதியில். அங்கே அன்ஃபேர் என்று குறிக்கப்பட்டவர் கோட்டைவிட்டு ஓடும் மட்டையாளர். தலைப்பை மட்டும் படித்தவர்கள் பந்துவீச்சாளரைக் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள். 2022 அக்டோபர் 1 முதல், கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்சிசி அந்தப் பகுதியை எடுத்து, சாதாரண ரன் அவுட்டுக்கான 38ஆம் விதியில் சேர்த்துவிட்டது. தண்டனை மாறவில்லை. அதன்மேல் நிழல் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெயரடை விலகியது, அவ்வளவுதான்.

அஸ்வின் செய்தது ஃபேரா என்று கேள்வி நேரத்தில் யாராவது கேட்பீர்கள் என்று தெரியும், இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் பந்து கையைவிட்டுக் கிளம்பும் முன்னே ஓடுகிறவனைத்தான் போங்கு என்போம். அவுட் ஆக்கினவனை யாரும் அப்படிச் சொன்னதில்லை.